உருக்குக் கூலி

தராசு இருக்கும் பக்கம் மின்விசிறி போடமாட்டார்கள்,
தங்கசாலைத் தெருவில்.
காற்றுப் பட்டால் எடை பொய் சொல்லுமாம்.
அந்த வெக்கையில் உட்கார்ந்துகொண்டுதான்
கேவல்சந்த் போன் செய்தார்:
"உங்க ஸ்பெயின்காரன் ஒருத்தன் வந்திருக்கான் மேடம்.
நாலு மணிக்கு அடுப்புக்குப் போறான்.
வேணும்னா அதுக்குள்ள வாங்க."

துறைமுகத்தில் பில் ஆஃப் என்ட்ரி அடிக்கிறவள் நான்.
கன்டெய்னர் எண், எடை, நாடு, மதிப்பு.
வந்ததையெல்லாம் எழுதியிருக்கிறேன்,
ஒன்றையும் பார்த்ததில்லை.
அதனால்தானோ என்னவோ
கைக்குள் அடங்குகிற ஒரு சரக்கு வேண்டியிருந்தது.
பதினொரு வருடம். ஒன்பது காசு.
அதில் மூன்று போலி.
மூர் மார்க்கெட்டில் ஆசையாக வாங்கிய ஒன்று
காந்தத்தைக் கட்டிக்கொண்டு
விடவே மாட்டேன் என்றது.

மூன்று ஐம்பது.
யானைக்கவுனியில் ஆட்டோ நின்றுவிட்டது,
ஒரு மாட்டுக்காக, பிறகு
அதைத் திட்டுகிறவர்களுக்காக.
இறங்கி நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்கு.

கொலுசுகளுக்கு நடுவே கிடந்தது.
அறுந்த கொலுசு, திருகு தொலைந்த கொலுசு,
ஒரு குழந்தையின் அரைஞாண்,
மூடி நசுங்கிய குங்குமச்சிமிழ்.
அவற்றின்மேல் மல்லாந்தபடி
இரண்டு தூண்கள்.
தூண்களுக்கு நடுவே இரண்டு உலகங்கள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து,
அடியில் அலை.
1761. மெக்சிகோவின் எம், தலைக்குமேல் சின்ன வட்டம்.

விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு.
எவளோ கழுத்தில் போட்டிருக்கிறாள்.
சேகரிப்பவர்கள் பாஷையில் இதற்குப் பெயர்
கெட்டுப்போனது.
எழும்பூர் கண்காட்சியில் நீட்டினால்
உதட்டைப் பிதுக்கித் திருப்பித் தருவார்கள்.

விரல்நுனியில் நிறுத்திச் சுண்டினேன்.
கணீரென்று எழுந்து
இழைந்து இழைந்து போய்
வாசலில் அடித்த ஹாரனில் எங்கோ சேர்ந்தது.
இருபத்தாறு கிராம், எண்ணூறு மில்லி.

மணிலாவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த கூட்டம் இவனுடையது.
துணி மூட்டைக்கு விலையாக
மசூலா படகில் அலை தாண்டி இறங்கியவர்கள்.
யாரும் தலை எண்ணவில்லை. நிறுத்தார்கள்.
நிறுத்து, கோட்டைக்குள் அடுப்பு மூட்டி
வேறு ராஜாவின் பெயரில் ரூபாயாக்கினார்கள்.
உருகாமல் தப்பியதற்கு விலை வைத்து
அலைகிறேன் இத்தனை நாளாக.
உருகியவர்கள் எங்கே போனார்கள் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

"யார் வித்தது?"
கேவல்சந்த் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார்.
பழைய வெள்ளி, கலப்பு, 612 கிராம், மண்ணடி.
அவ்வளவுதான்.
நானும் இப்படித்தான் எழுதுவேன்.

பட்டறைக்காரர் தானாஜி, சாங்லியிலிருந்து வந்தவர்,
இடுக்கியோடு நிற்கிறார்.
காசை வாங்கிப் புரட்டிவிட்டு
"தொண்ணூறு டச்தான் இருக்கும்" என்றார்.
"கொலுசுக்கு இதுவே ஜாஸ்தி."

வெள்ளி விலை கொடுத்தேன்.
மேலே நாற்பது ரூபாய் கேட்டார்கள்.
"எதுக்கு?"
"உருக்குக் கூலி."
"உருக்கவே இல்லையே!"
"எடை எழுதியாச்சு மேடம். எழுதினா எழுதினதுதான்."
பதினேழு வருட சுங்க அனுபவம்
இதற்குமேல் வாதாடவில்லை.

போயிருக்கலாம். நின்றேன்.
ஒரு சரக்கையாவது கடைசிவரை பார்ப்போம் என்று.
மூசைக்குள் அரைஞாண்தான் முதலில் தளர்ந்தது.
கொலுசுகள் கொஞ்சம் அடம்பிடித்தன,
முத்துகள் ஒவ்வொன்றாகக் கண் மூடுகிற மாதிரி.
சிமிழிலிருந்து ஒரு நொடி சிவப்புப் புகை;
அல்லது எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.
என் முட்டிக்குள் காசு சுட ஆரம்பித்தது.

அச்சில் ஊற்றும்போது
வெள்ளி ஒரே ஒரு அலை அடித்து
அப்படியே நின்றுபோனது.
தானாஜி அதன்மேல் தண்ணீர் ஊற்றினார்.